இறங்க முடியாத ஆறு

மூன்று வருடம் காத்திருந்தேன் அந்த ஆட்டத்துக்கு.
முன்னோட்டத்தில் ஓர் ஆறு காட்டினார்கள்,
நாணலுக்கு நடுவே, விடிகாலையில்,
திரையைத் தொட்டால் விரல் நனையும்போல.
ஏலச்சீட்டுத் தவணையைத் தள்ளிப்போட்டு
நெல்பேட்டை சிக்கந்தர் கடையில் வாங்கினேன்.
வட்டு மட்டும் போதாதாம்.
மீதி ஆட்டம் இறங்க இரண்டு ராத்திரி ஆனது.

ஆட்டம் இறங்கிவிட்டது.
ஆற்றில் நான்தான் இறங்கவில்லை.
கரையில் காலை எடுத்து வைத்தால்
கண்ணுக்குத் தெரியாத சுவர்.
இடப்பக்கம் போனேன், சுவர். குதித்தேன், சுவர்.
கோரிப்பாளையம் சிக்னலில் நின்றபடி உறுமும்
ஷேர் ஆட்டோ மாதிரி
என் வீரன் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் வேலைக்குப் போகையில்
ஓபுளா படித்துறையில் வண்டியை நிறுத்திவிட்டு
வைகைக்குள் இறங்கிப் பார்த்தேன்.
ஒன்றும் தடுக்கவில்லை.
கருவேலம், ஒற்றைச் செருப்பு, ஓர் எருமை.
அக்கரை ஏறி டீ குடித்தேன்.

எனக்குப் பிடித்ததைச் சொன்னால் சிக்கந்தர் சிரிப்பான்.
பனி ஊர், நாற்பது வீடு, தபால்காரி நான்.
சண்டை கிடையாது.
கடிதத்தைப் பிரித்துப் படிக்க ஒரு பொத்தான் உண்டு.
கடைசி வீடு வரை அதை அமுக்கவில்லை.
அமுக்கினால் என்ன ஆகும் என்று
இன்றுவரை யாரிடமும் கேட்கவுமில்லை.
அது ஆட்டம்.

இன்னொன்றில் ராஜாக்கள் வருவார்கள், கதை மறந்துபோச்சு.
சந்தைத் தெருவில் ஓர் ஆடு மட்டும் நினைவிருக்கிறது,
பாதி உடம்பு சுவருக்குள்.
யாரோ தூக்கம் கெட்டு விட்ட பிழை.
முன்பாதி மட்டும் தழை தின்கிறது, அசைபோடுகிறது,
பின்பாதி பற்றி அதற்கு ஒரு கவலையும் இல்லை.
முடிசூட்டுக்கு முரசு கொட்டிக் கூப்பிட்டார்கள்,
நான் ஆட்டின் பக்கத்தில் நின்றேன்.
அடுத்த அப்டேட்டில் ஆட்டைச் சரிசெய்துவிட்டார்கள்.
அப்புறம் அந்த நாட்டுப் பக்கமே போகவில்லை.

பிடிக்காதது நிறைய.
வாளுக்குக் காசு, குதிரைக்குக் காசு,
குதிரைக்கு வால் வேண்டுமென்றால் தனிக் காசு.
சாகும்போதெல்லாம் அறிவுரை சொல்லும் ஆட்டங்கள்;
செத்தவளிடம் என்ன பேச்சு?
வரைபடத்தைத் திறந்தால் அம்மை வார்த்த முகம் மாதிரி
புள்ளி புள்ளியாய் வேலை.
பகலெல்லாம் லேபில் ரத்தக்குழாய்க்குப் பெயர் ஒட்டுகிறேன்,
நூற்றிப் பத்து பேர்.
ராத்திரியும் நூற்றிப் பத்து மூலிகை பறி என்றால்
எந்த ஊர் நியாயம்?

"ஆத்தப் பாக்க வாங்குனது உங்க தப்பு ஒச்சாக்கா,
ரெண்டாம் பாகத்துல சண்டை தீயா இருக்கும்."
தீ எனக்கு வேண்டாம் என்று
நானூறு ரூபாய்க்கு அவனிடமே தள்ளிவிட்டேன்.
மூவாயிரத்து நூறுக்கு வாங்கியது.
வாய் பேசாமல் எண்ணிக் கொடுத்தான்.

பதினோரு நாள் கழித்து, ராத்திரி ஒன்றரைக்கு போன்.
"எறங்கிட்டேன்க்கா."
எங்கடா?
"ஆத்துல. எரிஞ்ச மில்லுக்கு அங்கிட்டு ஒரு பாறை,
அத ஒட்டி, மூஞ்சியத் திருப்பாம,
பின்னாலயே நடந்தா செவுரு இல்ல."
தண்ணி எப்படி இருக்கு?
"தண்ணி மேலயே நின்னுருச்சு,
நான் அடியில வந்துட்டேன்.
கீழ ஒண்ணுமில்ல. ஒரே நீலம்.
விழுந்துக்கிட்டே இருக்கேன்க்கா.
அண்ணாந்து பாத்தா ஆறு ஓடுது, கூரை மாதிரி."

எங்கோ நாய் குரைத்தது,
என் தெருவிலா போனுக்குள்ளா தெரியவில்லை.
என் கருத்தில் மாற்றமில்லை.
மோசமான ஆட்டம்தான்.
"அணைச்சிராத," என்றேன்,
"அப்படியே விழுந்துக்கிட்டு இரு.
விடிஞ்சதும் நானூறோட வர்றேன்."